24 கிலோவிலிருந்து 5 கிலோவுக்கு: தாளையடி லாண்ட்றோவரின் ஸ்ரியரிங்

மீன் நிறுக்கிற தூக்குத் தராசைத்தான் முதலில் எடுத்தேன். ஸ்ரியரிங் வீலின் விளிம்பில் கயிற்றால் ஒரு தடம் கட்டி, தராசின் கொழுக்கியை அதில் மாட்டி, வீல் சுழலும் பக்கமாக மெல்ல இழுத்தேன். சீமெந்துத் தரை, முன் ரயர் இரண்டிலும் காற்று 30 பிஎஸ்ஐ. முள்ளு 24 கிலோவைத் தொட்டபோதுதான் ரயர் அசைந்தது. ஒரு சின்ன அரிசி மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிற கணக்கு. அதுவும் சீமெந்தில். காற்றை 15க்கு இறக்கிக்கொண்டு கடற்கரை மணலில் புகுந்தால் என்ன பாடு என்பதை வாகனக்காரரின் தோள்மூட்டே சொன்னது. வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாமல்தான் அவர் வந்திருந்தார்.

"தம்பி, பவர் ஒண்டு போட்டுத் தா. காசு கனக்கக் கேளாதை."

பவர் என்றால் பவர் ஸ்ரியரிங். அவர் வடமராட்சி கிழக்குக் கடற்கரையில் உள்ள தாளையடியில் சம்மாட்டி, வள்ளமும் வலையும் வைத்து மீன் தொழில் நடத்துபவர். வாகனம் 109 அங்குல லாண்ட்றோவர் பிக்கப், சீரிஸ் மூன்று. அந்த வகை 1971 முதல் 1985 வரை வந்தது. இது ஏதோ ஒரு திணைக்களத்தில் உழைத்துக் களைத்து ஏலத்தில் போய், மூன்று கை மாறி இவரிடம் வந்தது. 2286 சிசி டீசல் என்ஜின் இன்னும் அதே என்ஜின்தான். வேலை, கடற்கரை வாடியிலிருந்து மீன் பெட்டியையும் ஐசையும் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களையும் மணலுக்குள்ளால் தார் வீதிக்குக் கொண்டுவருவது. உழவு இயந்திரம் வைத்திருக்கலாமே என்று கேட்டேன். "அது ஏ ஒன்பதிலை ஓடுமே?" என்றார். ஏ ஒன்பது என்றால் யாழ்ப்பாணம்-கண்டிப் பெருவீதி. சரியான பதில்.

புது பிக்கப் என்ற பேச்சுக்கு இடமில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். நான் சொல்கிற வேலை நடந்தது 2023இல். அந்த நேரம் பாவித்த டபிள் கப் பிக்கப் ஒன்றின் விலையில் தாளையடியில் கல்வீடு கட்டலாம். ஆகவே இருக்கிறதைத்தான் திருத்த வேண்டும், அதுவும் பழைய இரும்புக் கடைச் சாமானில். கொடிகாமத்தில் கராஜ் வைத்திருப்பவனுக்கு இது புதினமான வேலை இல்லை. எங்கள் சந்தியிலிருந்து பருத்தித்துறைக்கு ஓடிய தட்டிவான் என்ற பழைய பயணிகள் வான்களில் எந்தப் பாகம் எந்த வாகனத்துடையது என்று அதை ஓட்டினவருக்கே தெரியாது. பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய போர்க்காலத் தொண்ணூறுகளில், சூப்பிப் போத்தலால் சொட்டுப் பெற்றோல் விட்டு என்ஜினை எழுப்பிய கைகளிடம்தான் நான் தொழில் பழகினேன். ஆனால் அந்தப் பழக்கத்தில் ஒரு கெட்டதும் உண்டு. எது கிடைத்தாலும் பொருத்திவிடலாம் என்ற துணிவு. கியர்பொக்சில் அந்தத் துணிவு காசோடு போகும். ஸ்ரியரிங்கில் அப்படியில்லை.

சம்மாட்டியார் சொன்ன இன்னொரு வார்த்தைதான் என்னை நிறுத்தியது. "வளைச்சா வளைச்ச பக்கமே நிக்குது. நானாத்தான் திருப்பி எடுக்கவேணும்." நல்ல வாகனம் வளைவு முடிந்ததும் தானாக நேருக்கு வரும். வராவிட்டால் பாரம் ரயரில் இல்லை, இடையில் எங்கேயோ ஏதோ இறுகிக் கிடக்கிறது. இறுகிக் கிடப்பதற்கு மேலே மோட்டர் வைத்தால், அந்த மோட்டரும் அவருடைய தோள்மூட்டு மாதிரித்தான் ஆகும்.

முன் அக்ஸிலை ஜக்கில் ஏற்றி, ரயர் இரண்டையும் நிலத்திலிருந்து எடுத்துத் திரும்ப நிறுத்தேன். ரயர் உராய்வே இல்லாத நிலையில் ஒன்று ஒன்றரைக் கிலோவில் சுழல வேண்டிய வீல், 7 கிலோ கேட்டது.

சீரிஸ் லாண்ட்றோவரின் ஸ்ரியரிங் ஓட்டத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வீலிலிருந்து இறங்கும் தண்டு ஸ்ரியரிங் பொக்சுக்குள் போகிறது. பொக்சின் கை ஒரு நீளக் குழாயை முன்னும் பின்னும் தள்ளுகிறது. அந்தக் குழாய் போய்ச் சேர்வது முன் குறுக்குச் செசிக்குள் செங்குத்தாக நிற்கும் றிலேயில். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் ஒரு தண்டு, அவ்வளவுதான் றிலே. கீழ்க்கை ட்ராக் லிங்கைத் தள்ள, அது சில்லைத் திருப்பும். இரண்டு சில்லுகளையும் சேர்த்துக் கட்டியிருப்பது ட்ராக் றொட். நீளக் குழாய், ட்ராக் லிங்க், ட்ராக் றொட் ஒவ்வொன்றிலும் இரண்டாக மொத்தம் ஆறு ரை றொட் எண்ட், அதாவது நுனி மூட்டு. ஆறும் தேயும், றிலே இறுகும், பொக்ஸ் ஆடும். குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பொலிஸ் விசாரணை மாதிரி ஒவ்வொருவரையும் பிரித்து வைத்துக் கேட்பது.

முதலில் ட்ராக் லிங்கை றிலேயின் கீழ்க்கையிலிருந்து கழற்றினேன். இப்போது வீலோடு சேர்ந்திருப்பது பொக்சும் றிலேயும் மட்டும். தராசு 5 கிலோ. அடுத்து நீளக் குழாயை றிலேயின் மேற்கையிலிருந்து கழற்றினேன். தராசு ஒரு கிலோகூடக் காட்டவில்லை. பொக்ஸ் நல்லது. ஏழில் ஐந்துக்குக் கிட்டத் தின்றுகொண்டிருந்தது றிலே, மிச்ச இரண்டு கிலோ சில்லுப் பக்கம். இந்தச் சோதனைக்குச் செலவு இரண்டு ஸ்பிலிட் பின், அரை மணித்தியாலம். இதைச் செய்யாமல் பவர் போடப் புறப்படுகிற எவரையும் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

றிலேயைக் கழற்ற மூன்று நாள் போனது. போல்ட்டுகள் பரவாயில்லை. றிலேயின் உடம்பு செசிக் குழாயோடு துருவால் ஒட்டிப்போயிருந்தது. கடற்கரை வாகனம், அந்தக் குழாய் உப்பு மணலைச் சேர்த்து வைக்கிற உண்டியல். காலையும் மாலையும் துரு ஒயில் ஊற்றி, கீழே போத்தல் ஜக் கொடுத்து முட்டுக்கட்டி வைத்து, சுற்றவர மெல்லச் சூடாக்கி, மூன்றாம் நாள் பின்னேரம் "டக்" என்ற சத்தத்தோடு அரை அங்குலம் எழும்பியது. பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பெடியன் கோப்பையைத் தவறவிட்டான்.

இந்த றிலேயைப் பிரிப்பவர்களுக்கு ஒரு விஷயம். உள்ளே பலமான ஸ்பிரிங் ஒன்று, இரண்டாகப் பிளந்த டஃப்னோல் (துணியும் பிசினும் சேர்த்து அழுத்திய கட்டிப் பொருள்) புஷ்கள் இரண்டைக் கூம்பு வடிவத் தண்டின் மேல் அழுத்திக்கொண்டு இருக்கும். தண்டைத் தட்டி வெளியே எடுக்கும் கணத்தில் அந்த ஸ்பிரிங்கும் புஷ் துண்டுகளும் துவக்கிலிருந்து புறப்படுகிற மாதிரிப் புறப்படும். பல்லுப் போனவர்கள் இருக்கிறார்கள். முழு றிலேயையும் சாக்கு ஒன்றுக்குள் போட்டு, வாயைக் கட்டி, சாக்கின் வெளியிலிருந்துதான் தட்ட வேண்டும். நாங்கள் உர சாக்கு இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டோம். அப்படியும் உள் சாக்கு கிழிந்தது.

உள்ளே ஒயில் ஒரு சொட்டு இல்லை. தடித்த கியர் ஒயில், ஈபி 90, நிறைந்திருக்க வேண்டிய இடத்தில் கபில நிறத்தில் பசை. கீழ் ஒயில் சீலின் உதடு உக்கிப் போயிருந்தது. ஒயில் ஒழுகிப்போய் எத்தனை வருசமோ! ஸ்பிரிங் நல்லது. தண்டின் கூம்பில் புள்ளி புள்ளியாகத் துருக் குழி, விரல் நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது.

இங்கேதான் முதல் பழஞ்சாமான் வந்தது. ஓமந்தைப் பக்கம் ஒரு வளவில் சாய்ந்து கிடந்த லாண்ட்றோவர் ஒன்றின் முன்பக்கத்தை ஒருவர் நிறைக்கு விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கடலுக்குத் தூரத்து வாகனம், உப்புக் காற்றுப் படாதது. அந்த றிலே கையாலேயே தூக்க வந்தது. உள்ளே ஒயில் கறுப்பாக இருந்தாலும் ஒயில் ஒயில்தான். தண்டு கண்ணாடி மாதிரி. அதோடு வளையாத ட்ராக் றொட் குழாய் ஒன்றும், 17 அங்குல அசல் ஸ்ரியரிங் வீலும் வந்தன. மூன்றும் 9,500 ரூபா.

ட்ராக் றொட்டை ஏன் எடுத்தேன் என்றால், எங்கள் வாகனத்தில் இருந்தது பனங்குற்றியில் இடிபட்டு வளைந்து, யாரோ சூடாக்கி நிமிர்த்தியிருந்தார்கள். நிமிர்த்திய இடத்தில் நீல நிறம் இன்னும் தெரிந்தது. சூடுபட்ட குழாய் அடுத்த முறை அதே இடத்தில்தான் மடங்கும், அப்போது இரண்டு சில்லும் ஆளுக்கொரு திசை பார்க்கும்.

பழைய சாமானில் எது எடுக்கலாம், எது எடுக்கக்கூடாது என்பதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் எளியது. திறந்து உள்ளே பார்த்து அளக்கக்கூடியது என்றால் பழசு நல்லது: தண்டு, குழாய், கை, வீல். மூடி வைத்துத் தேயும் பொருள் என்றால் புதுசுதான். ஆறு ரை றொட் எண்டும் புதிதாக வாங்கினோம். சம்மாட்டியாருக்கு அது பிடிக்கவில்லை. "உந்த ஓமந்தைச் சாமானிலை ஆறு கிடந்ததே!" என்றார். கிடந்ததுதான். அதில் றப்பர் கிழிந்த எண்ட் ஒன்றைக் கையில் கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். ஆட்டினார், பிறகு பேசவில்லை.

றிலேயைத் திரும்பப் பூட்டும்போது, பிளந்த புஷ்களைக் குழாய் கிளிப்பால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளுவது பழைய வித்தை. புஷ் உள்ளே இறங்க இறங்கக் கிளிப் தானாகவே மேலே நழுவி வெளியே வந்துவிடும். பூட்டிய பிறகு மேல் மூடியின் போல்ட் இரண்டைக் கழற்றி, ஒன்றால் ஒயில் ஊற்ற வேண்டும், மற்றது காற்றுப் போக. ஒரு துளையால் மட்டும் ஊற்றினால் நிறைந்த மாதிரித் தெரியும், நிறைந்திருக்காது. அந்த முன்னைய றிலே வறண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சில்லுப் பக்கத்தில் சுருக்கமாக: அக்ஸில் நுனியில் சில்லு திரும்பும் உருண்டைகளான ஸ்விவல் போல்களின் குரோம் உப்பில் உரிந்து, சீல் கிழிந்து, ஒயிலுக்குள் தண்ணீர். கீழ் ரோலர் பெயரிங் இரண்டையும், சீல்களையும் மாற்றி, மேல் பக்கத்து ஷிம் என்ற மெல்லிய தகடுகளைத் தராசால் பார்த்துப் பார்த்து அமைத்தேன். டோ-இன், அதாவது முன் சில்லுகள் இரண்டும் முன்பக்கத்தில் உள்நோக்கிப் பார்க்கிற அளவு, 1.2 முதல் 2.4 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலை அளவு. அது 9 மில்லிமீற்றரில் இருந்தது! ரயர் ஏன் ஒரு பக்கம் கத்தி மாதிரித் தேய்ந்தது என்பதற்கும் அதுதான் பதில்.

திரும்பத் தராசு. ஜக்கில் 2 கிலோ. சீமெந்தில் 19.

அடுத்தது செலவில்லாத மாற்றம். வாகனத்தில் முன்னைய உரிமையாளர் யாரோ அழகுக்காக 14 அங்குலச் சின்ன வீல் பூட்டியிருந்தார். நெம்புகோல் கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்: 14 அங்குல வீலில் 19 கிலோ என்றால், 17 அங்குல வீலில் 15.6 கிலோ. ஓமந்தை வீலைப் பூட்டி நிறுத்தேன். 16 காட்டியது. ஒரு நட்டைக் கழற்றிப் பூட்டிய வேலைக்கு 3 கிலோ இலாபம்.

அந்த நிலையில் ஒரு கிழமை ஓட்டிப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். என் மனதில் வேலை முடிந்துவிட்டது. லாண்ட்றோவர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோதே பாரமான ஸ்ரியரிங்தான், மேலதிகமாகச் சேர்ந்த பாரத்தை எடுத்தாயிற்று. ஆனால் அவர் ஒரு கிழமையில் திரும்பி வந்தார். "தம்பி, நல்லாத்தான் கிடக்கு. வளைஞ்சா நேரா வருது. ஆனா எனக்கு அறுபத்தொண்டு வயசு." அதற்கு மறுபேச்சு இல்லை.

பவருக்கு இரண்டு வழி. ஒன்று, ஒயில் அழுத்தத்தில் வேலை செய்யும் பவர் பொக்ஸ், பம்ப். பொதுவாகக் காட்டு வாகனக்காரர்கள் போவது அந்த வழி, பலமானதும் அதுதான். ஆனால் சீரிஸில் அதற்கு பொக்சை முன்பக்கச் செசிக்குக் கொண்டுவந்து, றிலேயைத் தூக்கி எறிந்து, பழைய என்ஜினில் பம்புக்கு இடம் செய்து, புல்லி பூட்டி, ஒயில் குழாய் இழுக்க வேண்டும். பவர் பொக்ஸ் சில்லைத் தள்ளும் அதே பலத்தால் தான் நிற்கும் செசியையும் தள்ளும். அதனால் பெட்டிச் செசிக்குள் குறுக்காகக் குழாய் வைத்து ஒட்டி, அதற்குள்ளால் போல்ட் விட வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் இறுக்க இறுக்கச் செசி நசுங்கும். நான் சுத்தியலால் செசியைத் தட்டிப் பார்த்தேன். முன் நுனியில் துரு, சிப்பி சிப்பியாகக் கழன்று விழுந்தது. அந்தத் தகட்டில் பவர் பொக்ஸ் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

மற்றது மின்சார உதவி. விட்ஸ், வகன் ஆர், பிரியஸ் என்று எங்கள் வீதிகளில் நிறைந்திருக்கும் சின்ன ஜப்பான் கார்களில் ஸ்ரியரிங் தண்டிலேயே ஒரு மோட்டர் உண்டு. தண்டில் கை எவ்வளவு முறுக்குகிறது என்பதை ஒரு சென்சர் அளக்கும், கொம்பியூட்டர் பெட்டி அதற்கேற்ப மோட்டருக்கு மின் கொடுக்கும். பம்ப் இல்லை, பெல்ட் இல்லை, ஒயில் இல்லை. எல்லாம் கபினுக்குள்ளே, கடல் தண்ணீருக்கு எட்டாத உயரத்தில். விபத்தில் முன்பக்கம் போன கார்களிலும் இந்தத் தண்டு பெரும்பாலும் தப்பிவிடும், ஆகவே பழஞ்சாமான் கடைகளில் தாராளம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. மோட்டர் பொக்சுக்கு முன்னால் நிற்கிறது. ஆகவே முழுப் பலமும் பழைய பொக்ஸ், பழைய குழாய், றிலே எல்லாவற்றுக்குள்ளாலும்தான் போகிறது. உண்மை. ஆனால் சில்லைத் திருப்பத் தேவையான பலம் அதேதான், அதை மனிதன் கொடுத்தால் என்ன மோட்டர் கொடுத்தால் என்ன? வித்தியாசம் ஒரே இடத்தில்: சில்லு குற்றியில் முட்டி நிற்கும்போது மனிதன் கை வலித்து விட்டுவிடுவான், மோட்டர் விடாது. அதனால்தான் குழாயும் எண்டுகளும் முதலே புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறேன். இறுகிய றிலேயோடும் வளைந்த றொட்டோடும் நேரே மோட்டரைப் பூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு யோசிக்க விருப்பமில்லை.

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கேட்டேன். தண்டு இருந்தது, கொம்பியூட்டர் இல்லை. ஆகவே இரவு பஸ்ஸில் கொழும்புக்கு, வாகனப் பழஞ்சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு. 2005க்குப் பிந்திய விட்ஸ் ஒன்றின் தண்டும் கொம்பியூட்டரும் 42,000 ரூபா. மறுநாள் இரவு அதைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். நடத்துநர் இரண்டு ஆசனத்துக்குக் காசு கேட்காதது பெரிய விஷயம்.

மேசையில் கட்டி, பற்றறியில் இணைத்து, சாவி வயருக்கு 12 வோல்ட் கொடுத்தவுடன் ஒரு சத்தம். நாங்கள் யாரும் தொடாமலே தண்டு மெல்ல இடப்பக்கம் சுழலத் தொடங்கியது. நிற்பாட்டித் திரும்பப் போட்டாலும் அதேதான். பெடியன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே தண்டு வாகனத்தில் இருந்து, வாகனம் ஏ ஒன்பதில் இருந்திருந்தால்?

காரணம் பிறகு விளங்கியது. ஒவ்வொரு தண்டின் முறுக்குச் சென்சருக்கும் "இதுதான் நடு" என்ற ஒரு புள்ளி உண்டு, அது அந்தத் தண்டோடு வந்த கொம்பியூட்டருக்குள்தான் பதிந்திருக்கும். வேறு காரின் கொம்பியூட்டரைக் கொடுத்தால், அதன் நடு இதன் நடு அல்ல. கை தொடாமலே யாரோ முறுக்குகிறார்கள் என்று நினைத்து மோட்டரை ஓட்டும். எனக்கு விற்றவர் இரண்டு கார்ச் சாமானை ஒரு சோடியாகக் கட்டித் தந்திருக்கிறார். தொலைபேசியில் கேட்டால் "செக் பண்ணித்தானே எடுத்தீங்கள்" என்ற பதில். திரும்பக் கொழும்பு, வேறு கடை, இன்னொரு 42,000. இந்த முறை கார் இன்னும் கழற்றாமல் நிற்கும்போதே போய், தண்டையும் கொம்பியூட்டரையும் என் கண் முன்னே கழற்றுவித்தேன். வயரையும் வெட்டாமல் சொக்கட்டோடு எடுத்தேன்.

இன்னொரு கண்ணிவெடியும் அந்தத் தண்டில் இருந்தது. சாவிப் பூட்டு. கார்ச் சாவி எங்களிடம் இல்லை. லாண்ட்றோவரின் சாவி வேறு இடத்தில் இருப்பதால் சிலர் அந்தப் பூட்டை அப்படியே விட்டுவிடுவார்கள். ஓடும்போது அந்தப் பூட்டின் நாக்கு விழுந்தால் வீல் அசையாது. தலை உடைத்த போல்ட் இரண்டையும் துளைத்து, முழுப் பூட்டையும் கழற்றி எறிந்தேன். பலூன் (எயார்பாக்) உள்ள கார் வீலையும் எடுக்கவில்லை. பழைய ஹையேஸ் வான் வீல் ஒன்று அந்தப் பல்லில் சரியாக இறங்கியது. அதுவும் பெரியது, 2,000 ரூபா.

சீரிஸில் வீலிலிருந்து பொக்ஸ் வரைக்கும் ஒரே தண்டு. அதை இடையில் வெட்டித்தான் மோட்டரைச் செருக வேண்டும். வெட்டின இடத்தை எப்படிச் சேர்ப்பது? எங்கள் ஊரில் எல்லோருக்கும் முதலில் வருவது ஒட்டு. ஸ்ரியரிங் தண்டில் ஒட்டு வேலை என் கராஜில் இல்லை. ஒட்டு நன்றாக விழுந்ததா என்று வெளியிலிருந்து தெரியாது. முதலில் மயிரிழை வெடிப்பு, ஒருநாள் முழு வெடிப்பு. விட்ஸின் கீழ் ஜொயின்ற், தன் ஸ்ரியரிங் ரக்கின் (சில்லைத் தள்ளும் பல்லுச் சட்டம்) பினியன் தண்டிலுள்ள பல்லின் மேல் இறங்கி ஒரு போல்ட்டால் இறுகுகிறது. ஆகவே உடைந்த விட்ஸ் ரக் ஒன்றின் பினியனை மாதிரியாகக் கொண்டுபோய்ச் சுன்னாகத்து லேத் மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் லாண்ட்றோவர் தண்டின் வெட்டிய நுனியைக் கடைந்து, அதே எண்ணிக்கைப் பல்லை அதிலேயே வெட்டித் தந்தார். போல்ட் உட்காரும் காடியும் உட்பட. இரண்டு நாள் எடுத்தார், 15,000 வாங்கினார், ஜொயின்ற் கையால் தட்டாமல் ஏறவில்லை. அந்த வேலைக்கு அந்தக் காசு காணாது.

மின் வேலையில் பிழைவிடுவது இலகு. மோட்டர் நின்ற இடத்தில் முழுப் பலம் எடுக்கும்போது பத்துக் கணக்கான அம்பியர் இழுக்கும். வாகனத்திலிருந்த லூக்காஸ் 16 ஏசிஆர் ஒல்டர்நேற்றர் மொத்தமாகத் தருவதே 34 அம்பியர். இரவில் விளக்குப் போட்டால் மிச்சம் என்ன? பழைய டொயோட்டா வான் ஒல்டர்நேற்றர் ஒன்று 18,000க்கு எடுத்து, பிராக்கெட் செய்து பூட்டினேன். பற்றறியிலிருந்து கொம்பியூட்டருக்கு 10 சதுர மில்லிமீற்றர் வயர், பற்றறிப் பக்கத்திலேயே 50 அம்பியர் பியூஸ். எதிர்முனை வயரையும் அதே தடிப்பில் நேரே பற்றறிக்கு இழுத்தேன். துருப்பிடித்த செசியை நம்பவில்லை. கொம்பியூட்டர் பெட்டி டாஷுக்குக் கீழே மேல் மூலையில், மூடி இறுகும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குள், வயர் வாய் கீழே பார்த்தபடி. சிரிப்பதானால் சிரியுங்கள், உப்பு ஈரம் இன்னும் உள்ளே போகவில்லை.

காரில் இந்தக் கொம்பியூட்டர் வேகச் செய்தியைக் கேட்டு, மெல்ல ஓடும்போது கூட உதவி, வேகத்தில் குறைய உதவி என்று கொடுக்கும். லாண்ட்றோவரில் அந்தச் செய்தி இல்லை. செய்தி வராவிட்டால் அது பிழை விளக்கைப் போட்டுவிட்டு நடுத்தரமான ஓர் உதவியில் நின்றுகொள்ளும். எங்களுக்கு அது போதும். சென்சர் வயரில் திருகிக் கூட்டிக் குறைக்கும் மின்தடை ஒன்று போட்டு உதவியைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை. நடுப்புள்ளி தவறினால் என்ன நடக்கும் என்பதை மேசையில் கண்டவன் நான்.

கடைசித் தராசு: சீமெந்தில் 5 கிலோ. மணலில், ரயர்க் காற்று 15 ஆக இருக்க, 8 கிலோ.

அதன் பிறகு நான் முக்கியமாகக் கருதும் சோதனை. புதுக்காட்டுச் சந்தியிலிருந்து மருதங்கேணிக்குப் போகும் வெறும் வீதியில் மணிக்கு 30இல் ஓட்டச் சொல்லி, பக்கத்து ஆசனத்திலிருந்து பியூசை இழுத்தேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். வீல் சட்டென்று பாரமானது, ஆனால் அங்கே இங்கே இழுக்கவில்லை, இறுகவுமில்லை. பழைய 16 கிலோ வாகனமாகத் திரும்ப மாறியது, அவ்வளவுதான். றிலேயைத் திருத்தாமல் விட்டிருந்தால் அந்தக் கணத்தில் அவர் கையில் இருந்திருப்பது 20க்குக் கிட்ட.

கணக்கு: ஓமந்தைச் சாமான் 9,500, ரை றொட் எண்ட் ஆறும் 27,000, றிலே, ஸ்விவல் சீல்களும் பெயரிங்கும் 21,000, தண்டும் கொம்பியூட்டரும் 42,000, ஒல்டர்நேற்றர் 18,000, லேத் 15,000, ஹையேஸ் வீல் 2,000, வயர், பியூஸ், சில்லறை 6,500. மொத்தம் 141,000 ரூபா. முதல் தரம் ஏமாந்த 42,000 இதில் இல்லை, அது என் கணக்கு. அந்தத் தண்டு இன்னும் ராக்கையில் கிடக்கிறது. சோடிக் கொம்பியூட்டரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து வாகனம் ஒயிலுக்கு வந்தது. றிலேயில் ஒயில் மட்டம் இறங்கவில்லை. வலப்பக்க ஸ்விவலில் ஒயில் பால் நிறம், தண்ணீர் புகுந்திருக்கிறது. உரிந்த குரோமில் புதுச் சீல் எவ்வளவு நாள் நிற்கும்? ஸ்விவல் போலையே மாற்றியிருக்க வேண்டும், காசு பார்த்து விட்டோம், அது என் பிழை. மணலில் நின்ற இடத்தில் பத்துப் பன்னிரண்டு தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுக்கத் திருப்பினால் உதவி மெல்லக் குறைகிறது என்றார். மோட்டர் சூடானால் கொம்பியூட்டர் அப்படித்தான் குறைக்கும், ஐந்து நிமிசம் விட்டால் வரும். ஓடவிட்டுத் திருப்புங்கோ, நிற்பாட்டி வைத்துத் திருப்பாதேங்கோ என்றேன்.

வெளிக்கிடும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கை இப்ப நோகேல்லைத் தம்பி. இந்தக் கிளச்சைத்தான் ஒருக்காப் பாரன், முழங்கால் விண் விண் எண்டுது."

தராசை எடுத்துக்கொண்டு வரச் சொல்லிப் பெடியனைக் கூப்பிட்டேன்.